எத்தனை கேவிஏ வாங்குவது?

ஜெனரேட்டர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "வீட்ல எத்தனை பெட்ரூம் சார்?" என்பதுதான். இரண்டு என்றால் ஒரு அளவு, மூன்று என்றால் அதைவிடப் பெரியது என்று பதில் தயாராக இருக்கும். இந்தக் கேள்வியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. மூன்று படுக்கையறை வீட்டில் மாநகராட்சித் தண்ணீர் மாடித் தொட்டிக்குத் தானாக ஏறலாம். ஒற்றை அறை வீட்டின் பின்புறம் முந்நூறு அடி போரும் அதற்குள் ஒன்றரை ஹெச்.பி. மோட்டாரும் இருக்கலாம். இரண்டாவது வீட்டுக்குத்தான் பெரிய ஜெனரேட்டர் தேவைப்படும். எந்த அளவு என்பதை வீட்டின் பரப்பளவு முடிவு செய்வதில்லை. வீட்டிலுள்ள மிகப் பெரிய மோட்டார் எது, அதைப் போடும்போது வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருக்கும் என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. இரண்டாவது விஷயம் உங்கள் கையில் இருப்பதால், ஜெனரேட்டரின் அளவிலும் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

கரன்ட் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களும் உண்டு. பில்லில் இருப்பது சராசரி. இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். அதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் 350 வாட்கூட வராது. ஆனால் அதே வீட்டில் காலை ஏழு மணிக்கு கீஸரும் மிக்ஸியும் மோட்டாரும் ஒன்றாக ஓடினால் நான்கு கிலோவாட்டைத் தாண்டிவிடும். எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதைத்தான் பில் சொல்லும். ஒரே நொடியில் எவ்வளவு கேட்டீர்கள் என்பது அதில் இருக்காது. ஜெனரேட்டருக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்.

எந்த மின்வெட்டுக்காக வாங்குகிறீர்கள்?

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்குப் போய் மதியம் திரும்பி வரும் கரன்ட்டுக்காக மட்டும் என்றால், பெரும்பாலான வீடுகளுக்கு ஜெனரேட்டர் தேவையில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றில் ஏட்டுக் கணக்கில் 1.8 யூனிட் இருக்கும். இழப்பெல்லாம் போக ஒன்றேகால் யூனிட் கைக்கு வரும் என்று வையுங்கள். மூன்று ஃபேன், நாலைந்து விளக்கு, வைஃபை ஆகியவற்றை நான்கு மணி நேரம் ஓட்ட அது போதும். ஜெனரேட்டரின் வேலை அதற்கு அப்பால் தொடங்குகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதில், உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாள்களில் முதல் கவலை விளக்கு அல்ல, தண்ணீர். தொட்டி காலியானால் வீட்டில் இருக்க முடியாது. ஆகவே உங்கள் பட்டியல் தண்ணீரிலிருந்து தொடங்கட்டும். அடுத்து ஃப்ரிட்ஜ், அதற்கடுத்து ஃபேனும் விளக்கும். டிவியும் ஏ.சி.யும் கடைசி. வீட்டில் ஆக்ஸிஜன் கருவி போன்ற மருத்துவ சாதனம் ஏதாவது இருந்தால் அது எல்லாவற்றுக்கும் மேலே போகும். ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் செய்யும் வரைக்கும் அந்தக் கருவி நிற்காமல் இருக்க, தனியாக ஒரு யூபிஎஸ்ஸும் வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் கோட்பாடு

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓடும் வாட் என்று ஒன்று உண்டு. மோட்டார் உள்ள சாதனங்களுக்குக் கூடவே எழும் வாட் என்று இன்னொன்றும் உண்டு. நின்றுபோன வண்டியைத் தள்ளி நகர்த்த ஆகும் பலம், நகர்ந்த பிறகு தேவைப்படுவதில்லை அல்லவா? மோட்டாரும் அப்படித்தான். சாதாரண ஒற்றை ஃபேஸ் மோட்டார் எழும் நொடியில் அது இழுக்கும் ஆம்பியர், ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்து ஆறு மடங்குகூடப் போகும். அந்த நொடி வோல்டேஜ் சற்று இறங்கிக் கொடுப்பதால், ஜெனரேட்டர் தேர்வுக்கு ஓடும் வாட்டைப் போல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்குப் பொருந்தும் கணக்கு. தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ், பழைய வகை ஏ.சி. மூன்றுக்கும் இந்த மூன்று மடங்கு பொருந்தும். இன்வெர்ட்டர் ஏ.சி. மெல்ல வேகமெடுப்பதால் அதற்கு மடங்கு தேவையில்லை. கீஸர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு எழும் வாட் என்று தனியாக இல்லை. ஆனால் அவற்றின் ஓடும் வாட்டே ஆயிரம், இரண்டாயிரம் என்று இருக்கும்.

இன்னொரு சங்கதி கேவிஏ, கிலோவாட் பற்றியது. வீட்டுக்கான சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். டீசல் ஜென்செட்டுகளில் கேவிஏவை 0.8ஆல் பெருக்கினால்தான் கிலோவாட் கிடைக்கும். அதாவது 5 கேவிஏ என்று எழுதியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 4 கிலோவாட். தகட்டில் கிலோவாட் என்று தனியாகப் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பல நேரம் உச்ச அளவு. தொடர்ந்து ஓட்டக்கூடிய அளவு தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். தொடர் சுமைக்கு அந்தச் சிறிய எழுத்தையே நம்புங்கள்.

கணக்குப் போடும் வரிசை

1. பட்டியல் எழுதுங்கள். மின்வெட்டு நேரத்தில் ஓடியே ஆக வேண்டியவை மட்டும் பட்டியலில் இருக்கட்டும். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினால் பதினைந்து கிலோவாட் வந்து நிற்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்துதான் பலர் தேவையில்லாத பெரிய ஜெனரேட்டரை வாங்குகிறார்கள். கீஸர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன், மைக்ரோவேவ் ஆகியவற்றை இப்போதே அடித்துவிடுங்கள். காஸ் அடுப்பு இருக்கும் வீட்டில் இவற்றுக்காக ஜெனரேட்டரைப் பெரிதாக்குவது வீண்.

2. ஒவ்வொன்றின் ஓடும் வாட்டை எழுதுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75, பிஎல்டிசி ஃபேன் 30 சுற்றி, எல்இடி பல்ப் 9, எல்இடி டியூப் 20, டிவி 100, ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 முதல் 250, மிக்ஸி 750. மோட்டாரில்தான் ஏமாறுவார்கள். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட் என்று பள்ளியில் படித்தோம். அது மோட்டார் வெளியே தரும் வேலை. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். ஒரு ஹெச்.பி. மோனோபிளாக் சுமார் 1,100 வாட் இழுக்கும் என்று எழுதுங்கள்.

3. சந்தேகமானதை அளந்து பாருங்கள். தகட்டில் எழுதியிருப்பது புது மோட்டாரின் கணக்கு. பத்து வருடம் ஓடி, பேரிங் தேய்ந்த மோட்டார் அதற்கு மேல் இழுக்கும். எலக்ட்ரீஷியனிடம் க்ளாம்ப் மீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் உங்கள் இ.பி. மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பதும் மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அளக்க வேண்டிய ஒன்றை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள். அதை 60,000ஆல் பெருக்கி மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் வாட் வந்துவிடும். மீட்டரில் 3200 என்று இருந்து, நிமிடத்துக்குப் பத்து மினுக்கு வந்தால், ஓடிக்கொண்டிருப்பது 187 வாட் சாதனம். 59 வந்தால் 1,100 வாட்.

4. தொடர் சுமையைக் கூட்டுங்கள். ஒரே நேரத்தில் ஓடக்கூடிய எல்லாவற்றின் ஓடும் வாட்டையும் கூட்டி 0.8ஆல் வகுங்கள். ஜெனரேட்டரைத் தொடர்ந்து எண்பது சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதற்காக இந்த வகுத்தல்.

5. உச்ச சுமையைக் கூட்டுங்கள். பட்டியலில் எழும் வாட் அதிகமாக உள்ள ஒரே ஒரு சாதனத்தை எடுத்து, அதன் எழும் வாட்டோடு அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மற்றவற்றின் ஓடும் வாட்டைச் சேருங்கள். எல்லா மோட்டாரின் எழும் வாட்டையும் சேர்க்க வேண்டாம். இரண்டு மோட்டார் ஒரே நொடியில் எழுவது அபூர்வம். சுவிட்ச் உங்கள் கையில் இருப்பதால் அதையும் தவிர்க்கலாம்.

6. தொடர் சுமைக் கணக்கில் வந்த எண்ணுக்கு ஜெனரேட்டரின் தொடர் அளவும், உச்ச சுமைக்கு அதன் உச்ச அளவும் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டையும் தாங்கும் மிகச் சிறிய ஜெனரேட்டர் எதுவோ அதுதான் உங்களுடையது.

குறிப்பு: ஊட்டி, கொடைக்கானல் போன்ற இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் காற்று மெலிந்திருப்பதால் இன்ஜின் முழு பலம் தராது. முந்நூறு மீட்டருக்கு மூன்று முதல் நான்கு சதவீதம் குறையும். அங்கே தகட்டில் இருப்பதில் கால் பங்கைக் கழித்துவிட்டே பொருத்திப் பாருங்கள்.

ஒரே வீடு, மூன்று விடை

நான்கு சாதாரண ஃபேன் (300), விளக்குகள் (100), டிவி (100), வைஃபையும் செல்போன் சார்ஜரும் (50), ஃப்ரிட்ஜ் (200), ஒரு ஹெச்.பி. சம்ப் மோட்டார் (1,100) உள்ள வீட்டைப் பார்ப்போம். மோட்டார் இல்லாமல் ஓடும் வாட் 750, மோட்டாரோடு 1,850. தொடர் சுமைக் கணக்குப்படி 1,850ஐ 0.8ஆல் வகுத்தால் 2.3 கிலோவாட். இதை மட்டும் பார்த்து இரண்டரை கேவிஏ வாங்கியவர், மோட்டார் சுவிட்சைப் போட்டதும் ஜெனரேட்டர் முனகி அணைவதைப் பார்ப்பார். காரணம் உச்ச சுமை. மோட்டார் எழும்போது 3,300, மற்றவை 750, ஆக 4,050 வாட். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கையில் மோட்டாரைப் போட வேண்டுமென்றால் இந்த வீட்டுக்கு நாலரை முதல் ஐந்து கேவிஏ வேண்டும். இது முதல் விடை.

இப்போது வரிசையை மட்டும் மாற்றுங்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து அது சீராக ஓடத் தொடங்கியதும், ஃப்ரிட்ஜையும் டிவியையும் போடாமல், ஒரு ஃபேனும் இரண்டு விளக்கும் மட்டும் இருக்கும்போது முதலில் மோட்டாரைப் போடுகிறீர்கள். உச்சம் 3,400 அளவில் நின்றுவிடும். மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டாலும் 1,850ஐத் தாண்டாது. ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் நடுவில் எழுந்தாலும் 2,250தான். உச்ச அளவு மூன்றரை கிலோவாட் உள்ள ஜெனரேட்டரில் முடிந்துவிடும். வீட்டில் எந்த சாதனமும் குறையவில்லை, சுவிட்ச் போடும் வரிசை மட்டும் மாறியது. இது இரண்டாவது விடை.

மூன்றாவது விடை மோட்டாரையே மாற்றுவது. சம்ப்பிலிருந்து முதல் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றப் பல வீடுகளில் அரை ஹெச்.பி. போதும். கடையில் கிடைத்தது என்று ஒரு ஹெச்.பி. பொருத்தியிருப்பார்கள். அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 600, எழும்போது 1,800. அதே வரிசையைக் கடைப்பிடித்தால் உச்சம் 1,900 சுற்றி வரும். தொடர் சுமை 1,350, அதை 0.8ஆல் வகுத்தால் 1.7 கிலோவாட். ஃப்ரிட்ஜ் எழும்போதும் 1,750ஐத் தாண்டாது. இரண்டு கேவிஏ ஜெனரேட்டரே தாங்கும், இரண்டரை என்றால் கவலையே இல்லை. ஐந்துக்கும் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் அரை ஹெச்.பி. மோட்டாரை வாங்கியும் மிச்சம் இருக்கும். போர்வெல் ஆழம் அதிகமாக இருந்து மோட்டாரைச் சிறிதாக்க முடியாத வீடுகளுக்கு மட்டுமே இந்த வழி அடைபட்டிருக்கிறது. அவர்களும் போர் மோட்டாருக்கு மட்டும் வாடகை ஜெனரேட்டர் என்றும், மற்றவற்றுக்குச் சொந்த ஜெனரேட்டர் என்றும் பிரித்து யோசிக்கலாம். வீட்டுச் சம்ப் பெரிதாக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும்.

ஏ.சி. வேண்டும் என்பவர்களுக்கும் இதே தர்க்கம்தான். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. 1,100 வாட் என்று வைத்தால், மோட்டார் ஓடாத இரவு நேரத்தில் மேற்சொன்ன வீட்டின் தொடர் சுமை 1,850. இரண்டரை கிலோவாட்டில் அடங்கும். பழைய ஒன்றரை டன் ஏ.சி. என்றால் எழும்போது அது மட்டுமே ஐந்து கிலோவாட் கேட்கும். ஜெனரேட்டரைப் பெரிதாக்குவதற்கு முன் ஏ.சி.யை மாற்றுவது பற்றி யோசியுங்கள். ஏ.சி. மாற்றினால் வருடம் முழுவதும் பில் குறையும். பெரிய ஜெனரேட்டர் வருடத்தில் சில நாள்தான் ஓடும்.

"பெரிதாகவே வாங்கிவிட்டால் என்ன?"

எல்லோரும் எழுப்பும் மறுப்பு இது, நியாயமும் இருக்கிறது. சிறிதாக வாங்கி அவதிப்படுவதைவிடப் பெரிதாக வாங்கி நிம்மதியாக இருக்கலாமே, நாளைக்கு இன்னொரு ஏ.சி. வந்தால் என்ன செய்வது என்பார்கள். ஆனால் பெரிய ஜெனரேட்டருக்கு விலையை ஒரு முறை கொடுத்தால் போதாது, ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் எரிபொருளாகவும் கொடுக்க வேண்டும். பெட்ரோல் ஜெனரேட்டர் நல்ல சுமையில் ஓடும்போது லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் தரும். அதே இன்ஜின் கால் பங்கு சுமையில் ஓடினால் லிட்டருக்கு ஒரு யூனிட்கூடத் தேறாது. இன்ஜின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவே பெரும்பகுதி பெட்ரோல் போய்விடும். புயலுக்கு மறுநாள் பெட்ரோல் பங்க்கில் வரிசை எவ்வளவு நீளும் என்று யோசியுங்கள். பங்க்கின் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. கையிலிருக்கும் பத்து லிட்டரில் எத்தனை இரவு தாங்கும் என்பதே அப்போதைய கேள்வி. அந்த இடத்தில் சின்ன ஜெனரேட்டர்தான் கைகொடுக்கும்.

டீசல் ஜென்செட்டில் தொல்லை இன்னும் அதிகம். கொள்ளளவில் முப்பது சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓட்டினால் இன்ஜின் போதிய சூடு பிடிக்காது. டீசல் முழுதாக எரியாமல் கறுப்புப் பிசினாகப் புகைக் குழாயில் வழியும். நாளடைவில் இன்ஜினே கெடும். நாலு ஃபேனுக்காக 10 கேவிஏ டீசல் ஜென்செட்டை இரவு முழுக்க ஓட்டுவது அதன் ஆயுளை நாமே குறைப்பதுதான். எதிர்காலத் தேவை என்ற வாதத்துக்கும் அளவு உண்டு. ஒரு வருடத்துக்குள் நிச்சயமாக வரப்போகிற சாதனத்தைப் பட்டியலில் சேருங்கள். வரலாம் என்று நினைப்பதை விடுங்கள். தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் இன்னொரு ஏ.சி.க்காக இன்றைக்கே பெட்ரோல் எரிக்க வேண்டாம்.

பெரிதுதான் சரி என்ற இடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்து, வரிசை பார்த்து சுவிட்ச் போட ஆள் இல்லை என்றால், முதல் விடையின் ஐந்து கேவிஏதான் அவர்களுக்குப் பொருத்தம். ஒழுங்கை மனிதர்கள் காக்க முடியாத இடத்தில் இயந்திரம் காக்கட்டும். அந்த வீட்டில் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதியும் வேண்டும். எழுபது வயதில் கயிறு இழுக்கச் சொல்ல முடியாது.

மூன்று ஃபேஸ் வீடுகள்

உங்கள் வீட்டு இணைப்பு மூன்று ஃபேஸ் என்பதற்காக ஜெனரேட்டரும் மூன்று ஃபேஸாக இருக்க வேண்டியதில்லை. 7.5 கேவிஏ மூன்று ஃபேஸ் ஜென்செட்டில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் கிடைப்பது 2.5 கேவிஏ மட்டுமே. மூன்றையும் சேர்த்து ஒரே மோட்டாருக்குக் கொடுத்துவிட முடியாது. ஏ.சி.யும் மோட்டாரும் ஒரே ஃபேஸில் மாட்டியிருந்தால் மற்ற இரண்டு ஃபேஸ் சும்மா இருக்க, அது ஒன்று மட்டும் திணறும். மூன்று ஃபேஸில் மட்டுமே ஓடும் மோட்டார் வீட்டில் இல்லையென்றால் ஒற்றை ஃபேஸ் ஜெனரேட்டரே மேல். அவசியமான சாதனங்களை மட்டும் தனி டி.பி. பாக்ஸுக்கு மாற்றி, அந்தப் பாக்ஸுக்கு ஜெனரேட்டரைக் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸையும் லூப் போட்டு ஒற்றை ஃபேஸ் ஜெனரேட்டரில் மாட்டிவிடும் குறுக்குவழியை ஏற்காதீர்கள். மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் ஒயரில் முழு ஆம்பியரும் ஒன்றாகத் திரும்பி வரும். அது சூடேறி உருகினால் சுவருக்குள் உருகுவதால் கண்ணுக்கே தெரியாது.

ஏற்கெனவே இன்வெர்ட்டரோ சோலாரோ இருந்தால்

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் ஜெனரேட்டரை இரவு முழுக்க ஓட்டத் தேவையில்லை. காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டித் தொட்டியை நிரப்பி, ஃப்ரிட்ஜைக் குளிரவைத்து, கூடவே பேட்டரியையும் சார்ஜ் செய்துகொண்டால் இரவில் ஃபேனும் விளக்கும் பேட்டரியில் ஓடும். எரிபொருளைக் கணிசமாக மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகும்போது இன்வெர்ட்டர் 250 முதல் 300 வாட் இழுக்கும், அதையும் பட்டியலில் எழுதுங்கள். ஜெனரேட்டர் கரன்ட்டை இன்வெர்ட்டர் ஏற்கவில்லை என்று புகார் வருவதுண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் நிலையில் வோல்டேஜ் சற்று ஆடினாலும் அது துண்டித்துக்கொள்ளும். நார்மலில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கூரையில் சோலார் இருக்கிறது, ஜெனரேட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், இ.பி. கரன்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அதோடு, ஜெனரேட்டர் ஓடும் பக்கத்தில் அந்த சோலார் இன்வெர்ட்டர் இணைந்திருக்கவே கூடாது. ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தை இ.பி. என்று நினைத்து அது தன் மின்சாரத்தை ஜெனரேட்டருக்குள்ளேயே தள்ளக்கூடும்.

உயிரைக் காக்கும் விதிகள்

1. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி இருக்க வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மழை பெய்கிறது என்று போர்ட்டிகோவிலோ, திருட்டுக்குப் பயந்து மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டுவதுதான் ஆளைக் கொல்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், புகை அந்த ஜன்னல் வழியாகவும் உள்ளே வரும். மழைக்கு, நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரை போடுங்கள்.

2. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் இணைக்காதீர்கள். இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகிக் கரன்ட் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கரன்ட் மீட்டர் வழியாக வெளியே போய், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் லைனுக்கே போகக்கூடும். புயலுக்குப் பிறகு அந்த லைனில் கைவைத்து வேலை செய்துகொண்டிருப்பவர் மின்வாரிய ஊழியர். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

3. எர்த் போடுங்கள். பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமலே வரும். அந்த நிலையில், கரன்ட் கசிந்தால் துண்டிக்க வேண்டிய உங்கள் வீட்டு ஆர்சிசிபி வேலை செய்யும் என்று நம்ப முடியாது. இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் குறிப்பாகச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். 5 கேவிஏ என்றால் 22 ஆம்பியர் வரும், அதற்கு 4 சதுர மி.மீ. காப்பர் கேபிள் வேண்டும்.

4. ஓடிக்கொண்டிருக்கும்போதோ, நிறுத்திய சூட்டிலோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். பெட்ரோலை வீட்டுக்குள் வைக்காதீர்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள்.

இரைச்சலையும் இங்கேயே சொல்லிவிடலாம். கூண்டோடு வரும் டீசல் ஜென்செட் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. அதுவே இரவில் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதிகம்தான். பெரிய டீசல் ஜென்செட் வைப்பதானால், முன்பணம் கொடுப்பதற்கு முன் மின் ஆய்வாளர் அலுவலகத்தில் என்ன அனுமதி தேவை என்று கேட்டுவிடுங்கள்.

டெலிவரி எடுக்கும் நாளில்

விற்பவர் இரண்டு பல்பைப் போட்டுக் காட்டி "ஓகேவா சார்?" என்பார். அது சோதனை ஆகாது. பணத்தின் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொல்லுங்கள்.

1. ஆயில் அளவைப் பாருங்கள். பல ஜெனரேட்டர்கள் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும்.

2. சுமை இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடட்டும். மல்டிமீட்டரில் வோல்டேஜ் 230 சுற்றி, அதிர்வெண் 50க்குச் சற்று மேல் இருக்க வேண்டும்.

3. மெயினை இ.பி. பக்கத்திலிருந்து மாற்றி, உங்கள் தண்ணீர் மோட்டாரை முதலில் போடுங்கள். இன்ஜின் சத்தம் ஒரு நொடி இறங்கி உடனே மீள வேண்டும். மூன்று நான்கு நொடி முனகிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். எழ முடியாமல் நிற்கும் மோட்டாரின் காயில் கருகிவிடும். மோட்டாரின் கெப்பாசிட்டர் பழசாகிப் பலம் குறைந்திருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால், புதுக் கெப்பாசிட்டர் போட்டு இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

4. மோட்டார் ஓடும்போதே ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டு, பட்டியலில் உள்ள எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் ஓடட்டும். முடிவில் வோல்டேஜை மறுபடி அளங்கள். 210க்குக் கீழே போயிருந்தால் அந்த அளவு உங்கள் வீட்டுக்குப் போதாது. வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுங்கள்.

5. சுவிட்ச் போட வேண்டிய வரிசையை ஒரு தாளில் எழுதி, சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு அருகில் ஒட்டுங்கள். முதல் வரி மோட்டாராக இருக்கட்டும். வீட்டிலுள்ள மற்றவர்களையும் ஒரு முறை அதைப் பார்த்து நிறுத்தித் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். மின்வெட்டு வருகிற நாளில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.